சனிக்கிழமை காற்றும் மழையும்: தொண்டர்கள் நடத்தும் பியர், ஜாஸ் விழாவை என்ன செய்வது?

டெர்வென்ட்கரை எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் நான் குடியிருக்கும் சிற்றூரில், கிரிக்கெட் மன்றத்தின் மைதானத்தில் ஆண்டுதோறும் ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில் பியரும் ஜாஸ் இசையும் சேர்ந்த திறந்தவெளி விழா நடக்கிறது. சம்பளத்துக்கு ஆள் யாரும் இல்லை. கூடாரம் அடிப்பவர்களுக்குக் கை கொடுப்பது முதல் குவளை கழுவுவது வரை எல்லாவற்றையும் ஊர்க்காரர்களே செய்கிறோம். மிஞ்சும் பணம் மன்றக் கட்டடத்தின் கூரைப் பழுதுக்கும் இளையோர் அணிக்கும் போகிறது. இந்த ஆண்டு மைதானப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

இன்று செவ்வாய்க்கிழமை. அட்லாண்டிக்கிலிருந்து ஒரு தாழ்வழுத்தம் வந்துகொண்டிருக்கிறது. வியாழன் இரவிலிருந்து மழை என்றும், சனிக்கிழமை பிற்பகலில் மணிக்கு 40 மைல் வரை வேகமுள்ள காற்று வீச்சுகள் இருக்கலாம் என்றும் பிரிட்டனின் வானிலை நிறுவனமான மெட் ஆபிஸ் மஞ்சள் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. 400 நுழைவுச்சீட்டுகள் விற்றாயிற்று. பியருக்கு ஒன்று, இசைக்கு ஒன்று என இரண்டு பெரிய கூடாரங்களை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். அவை வெள்ளிக்கிழமை காலையில் வரும். உள்ளூர் மதுவடிப்பாலைகளிலிருந்து 20 பீப்பாய் ஏல் (இங்கிலாந்தின் மரபு வகைப் பியர்) வியாழக்கிழமை வருகிறது. நான்கு இசைக்குழுக்கள் வருவதாக உறுதி சொல்லியிருக்கின்றன.

நேற்றைய கூட்டத்தில், 'எத்தனை மழையைப் பார்த்திருக்கிறோம்' என்று பாதிப் பேரும், 'இப்போதே நிறுத்திவிடுவோம்' என்று மீதிப் பேரும் பேசிப் பேசியே கலைந்துவிட்டோம். நடத்துவதா, சுருக்குவதா, கைவிடுவதா என்பதை எந்த நாளில், எதை வைத்து, யார் முடிவு செய்ய வேண்டும்? இத்தகைய விழாக்களில் வேலை செய்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பந்தல்காரர் எழுதியது:

மழையையும் காற்றையும் ஒன்றாக வைத்துப் பேசுவதால்தான் உங்கள் செயற்குழுவின் வாக்குவாதம் முடியவில்லை என்று நினைக்கிறேன். மழையால் வரும்படி குறையும், புல் கெடும், எல்லோருக்கும் எரிச்சல் வரும். ஆனால் விழாவை நிறுத்தியே ஆகவேண்டிய நிலை பெரும்பாலும் காற்றினாலும் இடியினாலுமே வருகிறது. 2011 ஆகஸ்ட் 18 அன்று பெல்ஜியத்தில் ஹாசெல்ட் நகரத்தை ஒட்டி நடந்த புக்கல்பாப் விழாவில் சில நிமிடங்களே நீடித்த ஒரு புயல், கூடாரங்களையும் மேடைக் கட்டமைப்புகளையும் மரங்களையும் சாய்த்ததில் ஐந்து பேர் இறந்தார்கள். அது அனுபவமுள்ளவர்கள் நடத்திய பெருவிழா. ஆகவே 'எத்தனை மழையைப் பார்த்திருக்கிறோம்' என்ற பேச்சு உங்கள் கேள்விக்கு விடையே ஆகாது.

முதலில் கூடாரக்காரரிடம் தொலைபேசியில் பேசி, இந்தக் கூடாரங்கள் எந்தக் காற்று வேகம் வரை தாங்கும், எந்த வேகத்தில் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்ற எண்களை எழுத்தில் வாங்குங்கள். ஒழுங்காகத் தொழில் செய்பவர் கேட்டவுடன் கொடுப்பார். மழுப்பினால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல். அந்த எண் சராசரி வேகத்தைக் குறிக்கிறதா, வீச்சின் உச்சத்தைக் குறிக்கிறதா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். முன்னறிவிப்பில் இவ்விரண்டும் தனித்தனியாகவே வரும். கூடாரத்தின் முளையைப் பிடுங்குவது வீச்சுதான். கையடக்கக் காற்றுமானி ஒன்றை வாங்கி, மைதானத்தில் மறைப்பில்லாத இடத்தில் நின்று கால்மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதிவைக்க ஒருவரை நிறுத்துங்கள். மரவரிசைக்குப் பின்னால் நின்று அளந்தால் எந்தப் பயனும் இல்லை.

இன்னொன்று, ஈரமண். இரண்டு நாள் மழையில் ஊறிய மண்ணில் இரும்பு முளைகளின் பிடிமானம் தளர்ந்துவிடும் என்பதால், வறண்ட மண்ணை மனத்தில் வைத்துச் சொன்ன எண் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். நீளமான முளைகளோ கூடுதல் எடைக்கற்களோ தேவைப்படுமா என்று இன்றே கேட்டுவிடுங்கள். காற்று வரும் பக்கத்துச் சுவரைத் திறந்துவைத்து எதிர்ப்பக்கத்தை மூடினால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும். 'உள்ளே புழுக்கமாக இருக்கிறது' என்று யாராவது ஒரு நல்லவர் வந்து சுவரைச் சுருட்டி மேலே கட்டிவிடுவார். அதற்கென்றே ஒரு ஆளைக் கண் வைத்திருக்கச் சொல்லுங்கள். கூரைத் துணியில் தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டால், துடைப்பத்தின் முனையில் துணி சுற்றி உள்ளிருந்து மெதுவாகத் தூக்கி வடித்துவிட வேண்டும். அரைமணி நேரம் கவனிக்காமல் விட்டால் அந்த நீரின் எடை மிகவும் கூடிவிடும், பிறகு தூக்கவே முடியாது. கடைக்காரர்களும் ஊர்க்காரர்களும் வீட்டிலிருந்து எடுத்துவரும் மடக்குக் கூடாரங்களை இந்தச் சனிக்கிழமைக்கு முற்றாகத் தடை செய்யுங்கள்.

யார் முடிவு செய்வது என்று கேட்டீர்கள். ஒரே ஒருவர். அவர் அன்று குடிக்காதவராகவும், பணப்பொறுப்பு இல்லாதவராகவும், இசைக்குழுவில் நண்பர் இல்லாதவராகவும் இருந்தால் நல்லது. வீச்சு இந்த எண்ணைத் தொட்டால் இசையை நிறுத்துவது, இந்த எண்ணைத் தொட்டால் கூடாரத்தைக் காலி செய்வது என்று வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தாளில் எழுதி எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டால், சனிக்கிழமை அவர் யாருடனும் வாதாட வேண்டியிராது. காலி செய்தால் 400 பேர் எங்கே போவார்கள் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். இடி இடிக்கும்போது கூடாரம் புகலிடம் ஆகாது. செங்கல் கட்டடமும் மூடிய காரும்தான் புகலிடம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாரையும் மைதானத்துக்குள் விடாதீர்கள்.

---

நிலவறை எழுதியது:

பந்தல்காரர் சொன்னவற்றில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. நான் பல ஆண்டுகளாகப் பியர் விழாக்களில் பீப்பாய்ப் பக்கம் தொண்டு செய்பவன். எந்த நாளில் முடிவு செய்வது என்ற உங்கள் கேள்விக்கு வானிலையைக் காட்டிலும் பீப்பாயே தெளிவாகப் பதில் சொல்லும் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு வருவது பீப்பாயினுள்ளேயே நொதித்து முதிரும் ஏல். உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. பீப்பாயைத் தாங்கிச் சட்டத்தில் கிடத்தி அசைக்காமல் வைத்தால் வண்டல் அடியில் படியும். பிறகு மேல்பக்கத்து அடைப்பில் மென்மர ஆப்பு ஒன்றை அடித்து வாயுவை மெல்ல வெளியேற்றுவோம். பரிமாறுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பு இது நடக்கும். அந்த ஆப்பு இறங்கும்வரை பீப்பாய் முழுமையாக மூடிய சரக்கு. இறங்கிய பின், குழாயும் அடித்துக் காற்று உள்ளே போய்விட்டால், சுமார் மூன்று நாளுக்குள் குடித்தாக வேண்டிய பண்டம். திறக்காத பீப்பாய்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் மதுவடிப்பாலைகள் உண்டு. ஆப்பு அடித்ததை யாரும் எடுக்க மாட்டார்கள். ஆகவே உங்கள் முடிவின் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை நண்பகல். அதற்கு முன் ஆப்பைத் தொடாதீர்கள். திரும்ப எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் எடுப்பார்கள் என்பதை ஒவ்வொரு ஆலையிடமும் இன்றே கேட்டுக் குறித்துவையுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் சனிக்கிழமைக்கான முன்னறிவிப்பும் போதுமான அளவு உறுதிப்பட்டிருக்கும். கூடாரக்காரர்களும் அப்போதுதான் வருகிறார்கள். மூன்றும் ஒரே நேரத்தில் கூடுவதால் கூட்டத்தை அன்று காலை எட்டு மணிக்கு வைக்கலாம்.

முற்றாக நிறுத்துவதற்கும் முழுதாக நடத்துவதற்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறது. இருபதையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். 9 கேலன் பீப்பாய் ஒன்றுக்கு 72 பைன்ட் என்றால், இருபதுக்கும் சேர்த்து 1,440 பைன்ட். சீட்டு வாங்கியவர்களில் பாதிப் பேரே வந்தால் அது பெரும் மிச்சம். பன்னிரண்டைத் திறந்து எட்டை மூடியே வையுங்கள். திறப்பவற்றில் கறுப்பு வகைகளான ஸ்டவுட்டையும் போர்ட்டரையும் முன்னே வையுங்கள். ஈரத்தில் நடுங்கிக்கொண்டு வருபவர் இளம்பொன் நிற ஏலைத் தேட மாட்டார். மன்றக் கட்டடத்துக்குள் மாற்ற வேண்டி வரலாம் என்று தோன்றினால், வண்டல் நீக்கித் தெளிந்த நிலையில் ஊற்றிய பீப்பாய்கள் இரண்டு மூன்று கிடைக்குமா என்று ஆலையில் கேளுங்கள். அவற்றைத் தூக்கிச் சென்ற உடனே பரிமாறலாம். மற்றவற்றைத் தூக்கினால் வண்டல் கலங்கி, மீண்டும் தெளிய ஒரு நாள் ஆகும்.

ஈரத்தரையில் எல்லோரும் மறப்பது தாங்கிச் சட்டத்தின் கால்களை. நிறைந்த பீப்பாய் ஒன்று 50 கிலோவுக்கு மேல் வரும். இருபதும் சேர்ந்தால் ஒரு டன். இரவு மழையில் ஒரு பக்கத்துக் கால் நான்கு விரல் அளவு மண்ணுக்குள் இறங்கினாலும் சட்டம் சாய்ந்து, காலையில் அந்த வரிசை முழுவதும் கலங்கலாகவே ஊற்றும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் தடித்த பலகைகளை வையுங்கள், நீர்மட்டம் பார்த்து நேராக்குங்கள், சட்டங்களை ஒன்றோடொன்று பிணையுங்கள். வெள்ளி இரவு படுக்கப் போகுமுன் இன்னொருமுறை பாருங்கள்.

வெப்பநிலையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். இந்த ஏல் 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டியது. வெயில் நாளில்தான் கூடாரத்துக்குள் பனிக்கட்டியோடும் ஈரச்சாக்கோடும் நாங்கள் மாரடிப்போம். மழை நாளில் பியர் அதுபாட்டுக்கு நன்றாகவே இருக்கும்.

---

நான்குதந்தி எழுதியது:

பியருக்கு மழை தோழன் என்று நிலவறை எழுதியிருக்கிறார். இசைக்கருவிகளுக்கு அப்படி இல்லை என்பதை டபுள் பேஸ் என்ற பெரிய தந்திக்கருவியை வாசிக்கும் ஒருவன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும்.

என் கருவியின் முகப்பு ஸ்ப்ரூஸ் மரப்பலகை. விளிம்புகளை ஒட்டியிருப்பது ஈரத்தில் நெகிழும் விலங்குப்பசை. சாரல் நேரடியாக விழாவிட்டாலும், ஈரக்காற்றில் மணிக்கணக்காக நின்றால் மரம் ஊதும், தந்திகள் பலகையிலிருந்து எழும்பும், ஒட்டு விடும். கிளாரினெட்டின் கருங்காலி வகை மரம் குளிரில் கிடந்து, சூடான மூச்சு பட்டதும் வெடிக்கக்கூடும். அதைவிடத் தொல்லை சுருதி. காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறைவதால் டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் எல்லாம் சுருதி இறங்கும். எஃகுத் தந்திகள் சுருங்குவதால் பியானோவோ ஏறும். இரண்டையும் ஒரே மேடையில் வைத்துவிட்டு ஒலியமைப்பாளரைத் திட்டிப் பயனில்லை. உண்மையான பியானோ வாடகைக்குச் சொல்லியிருந்தால் ரத்து செய்து, மின்பியானோவை வரவழையுங்கள்.

மேடையைக் கூடாரத்தின் வாய்ப்பக்கம் வைக்காமல், காற்றுக்கு முதுகு காட்டி, உள்ளே தள்ளிப் போடுங்கள். தரையிலிருந்து உயர்ந்த உலர்ந்த தளமும், பின்னால் கருவிப்பெட்டிகளுக்கு ஒரு மூலையும், மின்சூடேற்றி ஒன்றும் இருந்தால் எந்தக் குழுவும் முகம் சுளிக்காது. காற்றில் இசைத்தாள் பறக்கும் என்பதால் துணி உலர்த்தும் கவ்விகள் ஒரு டப்பா நிறைய வேண்டும்.

மின்சாரத்தில் சமரசம் கூடாது. ஒவ்வொரு இணைப்பும் மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி என்ற பாதுகாப்புக் கருவி வழியாகத்தான் போக வேண்டும். வெளியில் இருக்கும் செருகிகள் குறைந்தது ஐபி 44 தரத்திலும் (நீர் தெறித்தாலும் தாங்குவது), தரையிலிருந்து தூக்கிக் கட்டியும் இருக்க வேண்டும். தற்காலிக மின்னமைப்புக்கென பிஎஸ் 7909 என்ற தரநெறி இருக்கிறது. அதை அறிந்த மின்பணியாளர் ஒருவர் கையொப்பம் இட்ட பிறகே மின்சாரம் ஓடட்டும். ஈரத்தில் ஆர்சிடி அடிக்கடி விழும். அதை 'தொல்லை' என்று சொல்லிச் சுற்றுவழி போடும் கைகாரர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். அவரை அன்று குவளை கழுவ அனுப்புங்கள்.

ஒலிபெருக்கி வேண்டாத இசை என்ற வழியும் உங்களுக்கு இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் மரபில் பித்தளைக் கருவிகளும் பாஞ்சோவும் சூஸபோனும் கொண்ட குழுவுக்கு மின்சாரமே வேண்டாம். தெருவில் நடந்துகொண்டே வாசிக்க உருவான இசை அது. நான்கு குழுக்களில் அப்படி ஒன்று இருந்தால், மேடை முடங்கினாலும் அவர்களை மன்றக் கட்டடத்தின் கூடத்தில் நிறுத்திவிடலாம். மற்றக் குழுக்களுடன் ஊதியத்தைப் பற்றி இன்றே பேசுங்கள். வெள்ளிக்கிழமை நிறுத்தினால் எவ்வளவு, மைதானத்துக்கு வந்த பிறகு நிறுத்தினால் எவ்வளவு என்று எழுதிக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு இராது.

---

கணக்கர் எழுதியது:

உரிமமும் பணமும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் மது விற்பது தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பின் கீழ் (சிறு நிகழ்ச்சிக்காக உள்ளாட்சி மன்றத்துக்கு முன்கூட்டியே கொடுப்பது) என்றால், ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. தொண்டர்களும் இசைஞர்களும் அந்த எண்ணிக்கையில் சேர்த்தி. அந்த அறிவிப்பு நீங்கள் அதில் விவரித்த இடத்துக்கு மட்டுமே செல்லும். மைதானம் என்று மட்டும் எழுதியிருந்து, சனிக்கிழமை மழையில் பீப்பாயைப் பக்கத்துச் சமூகக்கூடத்துக்குத் தூக்கிச் சென்று விற்றால் அது உரிமமில்லாத விற்பனை. புதிய அறிவிப்புக்குச் சாதாரணமாகப் பத்து வேலைநாள் வேண்டும்; தாமத அறிவிப்புக்கும் ஐந்து வேலைநாள் வேண்டும் என்பதால் செவ்வாய்க்கிழமையில் அந்தக் கதவு மூடிவிட்டது. உங்கள் கிரிக்கெட் மன்றத்துக்குச் சொந்த உரிமம் இருக்கிறதா, அது உறுப்பினர்களுக்கும் விருந்தினர்களுக்கும் மட்டுமா, வெளியாருக்கும் விற்கலாமா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே மாற்றும் திட்டத்தை நம்ப வேண்டும். கட்டடத்துக்குள் தீப்பாதுகாப்புக் கணக்கின்படி எத்தனை பேர் நிற்கலாம் என்பது இன்னொரு எண். அது 400 ஆக இருக்க வாய்ப்பில்லை.

காப்பீட்டைப் பொறுத்தவரை, வானிலைக்கான நிறுத்தக் காப்பீடு முன்னறிவிப்பு வந்த பிறகு கிடைக்காது. முன்பே எடுத்திருந்தாலும், நடத்துவது பாதுகாப்பில்லை என்ற நிலை வந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். மழைக்குப் பயந்து கூட்டம் வரவில்லை என்பது பொதுவாக அதில் சேராது. பந்தல்காரர் சொன்ன காற்றளவுக் குறிப்பேடும், கூடாரக்காரரின் எழுத்தும் இந்த இடத்திலும் உதவும்.

நிலவறையுடன் ஒரு சிறு வேறுபாடு. முடிவு வெள்ளிக்கிழமைதான் என்றாலும், சீட்டு வாங்கியவர்களுக்குப் புதன்கிழமையே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். 'வெள்ளி நண்பகலுக்குச் சொல்கிறோம், நிறுத்தினால் பணம் இப்படித் திரும்பும், நடத்தினால் காலணியும் மழைச்சட்டையும் கொண்டு வாருங்கள், குடை வேண்டாம்' என்று நான்கு வரி போதும். செயற்குழு ஒழுங்காகக் கவனிக்கிறது என்று தெரிந்தால், பணம் திரும்பக் கேட்காமல் நன்கொடையாக விடுபவர்கள் இந்த ஊர்களில் நிறைய. கடைசியாக ஒன்று: உங்கள் மன்றம் பதிவு செய்யப்பட்ட நிறுவனமாக இல்லாமல் வெறும் சங்கமாக இருந்தால், விபத்துக்கான பொறுப்பு செயற்குழு உறுப்பினர்கள் மீது தனிப்பட்ட முறையிலும் வரக்கூடும். 'எத்தனை மழையைப் பார்த்திருக்கிறோம்' அணியினருக்கு இதை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

---

டெர்வென்ட்கரை எழுதியது:

நால்வருக்கும் மிக்க நன்றி. கூடாரக்காரரிடம் பேசிவிட்டேன், எண்களை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார், ஈரமண்ணுக்காக எடைக்கற்களும் கூடுதலாகக் கொண்டு வருகிறார். வெள்ளி காலை எட்டு மணிக் கூட்டத்துக்குச் செயற்குழு ஒப்புக்கொண்டது. காற்றுப் பொறுப்பை, மது அருந்தாதவரும் முன்னாள் தீயணைப்பு வீரருமான ஒரு பெரியவர் ஏற்றுக்கொண்டார். மன்ற உரிமம் வெளியாருக்கும் விற்க அனுமதிக்கிறது. உள்ளே 120 பேருக்குத்தான் இடம். பக்கத்து மேய்ச்சல் நிலத்தைக் கார் நிறுத்தத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள், சரிவான நிலம். அங்கேயும் நுழைவாயிலிலும் வைக்கோல் பரப்பலாமா?

---

பந்தல்காரர் எழுதியது:

வைக்கோல் வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருக்கும். பிறகு சேற்றோடு பிசைந்து வழுக்கும், காய்ந்த பகுதியில் சிகரெட் விழுந்தால் எரியும். நுழைவாயிலுக்கும் குவளை திரும்பக் கொடுக்கும் இடத்துக்கும் மரச்சீவல் போடுங்கள், நீர் வடியும். ஆனால் மைதானத்தின் நடுவிலுள்ள ஆடுகளத்துக்குப் பக்கத்தில் அது வரவே கூடாது. அந்தச் சதுரத்தைச் சுற்றி இன்றே கயிறு கட்டுங்கள்; இல்லையென்றால் மைதானப் பராமரிப்பாளர் உங்களுடன் அடுத்த ஆண்டு வரை பேச மாட்டார்.

சரிவில் எல்லாக் கார்களையும் இறக்கத்தைப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள், வெளியேறும் வாயிலும் கீழ்ப்பக்கமே இருக்கட்டும். ஈரப்புல்லில் ஏற்றத்தில் ஒரு கார் சக்கரம் சுழற்றினால் அதன் பின்னால் நிற்பவை எல்லாம் அங்கேயே நிற்கும். டிராக்டர் ஒன்றையும், அதை ஓட்டத் தெரிந்த, குடிக்காத ஒருவரையும் இரவு பதினொன்று வரை பேசி வையுங்கள். கனமான எதுவும், ஜெனரேட்டரும் பீப்பாய்களும் மேடைத்தளமும், வியாழன் மழை தொடங்குமுன் உள்ளே வந்துவிட வேண்டும். அதன் பிறகு, வெள்ளிக்கிழமை வரும் கூடார வண்டியைத் தவிர, மைதானத்துக்குள் எந்த வண்டியும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆள் எண்ணி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சனிக்கிழமை முழுக்க நனைந்தவர்களை மறுநாள் காலை ஈரக்கூடாரம் அவிழ்க்க அழைத்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள். வருபவர்களும் தூங்கிவழிந்துகொண்டு ஏணியில் ஏறுவார்கள். அன்றைக்கென ஒரு பத்துப் பேரைச் சனிக்கிழமை வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள்.